லைட் ஸ்டாண்டும் ஸ்பிரிங் தூளியும்

ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “பிக்கப் வண்டி வைத்துக் காய்கறி லோடு அடிக்கிறேன். ராத்திரியில் தோட்டத்தில் மூட்டை ஏற்ற வெளிச்சம் வேண்டும் என்று கேபினுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் எல்.இ.டி. லைட் மாட்டினேன். ஸ்டாண்டு நானே பட்டையை வளைத்து ஓட்டை போட்டுச் செய்தது. அடிக்கடி ஒடிகிறது. மேடு பள்ளத்தில் ஓடும்போது லைட் அசையாமல்தான் இருக்கிறது. வண்டியை நிறுத்திவிட்டு என்ஜினை அணைக்காமல் விட்டால் உதறுகிறது. பட்டறையில் கேட்டால் தடியான பட்டை போடு என்கிறார்கள். லைட் விற்றவர் ‘ஏவியேஷன் கிரேடு’ அலுமினிய ஸ்டாண்டு வாங்கு என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?”

இப்போதைக்கு இருவர் பேச்சையும் கேட்க வேண்டாம். இரண்டு யோசனையும் ஒரே நம்பிக்கையில் பிறந்தவை: ஒடிந்தது என்றால் பலம் போதவில்லை. அந்தப் பலத்தைத்தான் முதலில் கணக்குப் போட்டுப் பார்ப்போமே. வாசகர் தந்த அளவுகள் இவை: 25 மி.மீ. அகலமும் 3 மி.மீ. தடிமனும் கொண்ட இரும்புப் பட்டை, லோடு பாடியின் முன்பலகையிலிருந்து 150 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கிறது. நுனியில் 400 கிராம் லைட். லைட்டின் எடையால் பட்டையின் அடியில் உண்டாகும் தகைவு சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 16 நியூட்டன். கடையில் கிடைக்கும் சாதாரண எஃகு 250 நியூட்டன் வரை நிரந்தரமாக வளையாமல் தாங்கும். பதினைந்து மடங்குக்கு மேல் பலம் கையிருப்பில் இருக்கிறது. பாலம் கட்டுகிற பொறியாளர்கூட இவ்வளவு தாராளம் காட்டமாட்டார். இருந்தும் ஒடிகிறது.

வாசகரே துப்பைக் கொடுத்துவிட்டார். பள்ளத்தில் விழும்போது அசையாத லைட், வண்டி சும்மா நிற்கும்போது உதறுகிறது என்றால் இது அடி எவ்வளவு பலமாக விழுகிறது என்ற விவகாரமாக இருக்க முடியாது. அடி எந்த நேரத்தில் விழுகிறது என்ற விவகாரம்.

இதற்கு நம் வீடுகளில் ஓர் அருமையான ஆய்வுக்கருவி தொங்குகிறது. உத்திரத்தில் கொக்கி, கொக்கியில் ஸ்பிரிங், ஸ்பிரிங்கில் சேலைத் தூளி, அதற்குள் குழந்தை. குழந்தையைக் கிடத்தியதும் தூளி கொஞ்சம் கீழே இறங்கி நிற்கும். அந்த இறக்கத்தை மட்டும் அளந்து சொல்லுங்கள், தூளி நொடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் ஆடும் என்று சொல்லிவிடலாம். குழந்தையின் எடை தெரிய வேண்டாம். ஸ்பிரிங்கின் விறைப்பும் தெரிய வேண்டாம். இறக்கத்தை மில்லிமீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 15.8 என்ற எண்ணை அதனால் வகுத்தால் போதும். தூளியும் குழந்தையும் சேர்ந்து ஸ்பிரிங்கை 100 மி.மீ. இழுத்தால் வர்க்கமூலம் 10, விடை 1.58. இரண்டு நொடிக்கு மூன்று ஆட்டம். பாட்டியின் கை போகிற வேகமும் ஏறத்தாழ அதுதான்.

எடையும் விறைப்பும் கணக்கிலிருந்து எப்படிக் காணாமல் போயின? போகவில்லை, இரண்டும் இறக்கத்துக்குள் ஒளிந்திருக்கின்றன. எடை கூடினால் இறக்கம் கூடும், ஸ்பிரிங் விறைத்தால் இறக்கம் குறையும். அதிர்வெண்ணுக்கு வேண்டியதும் அந்த இரண்டின் விகிதம்தான். பூமியின் ஈர்ப்பு நமக்காக அந்த வகுத்தலை முன்கூட்டியே செய்து, விடையை மில்லிமீட்டரில் எழுதி வைத்திருக்கிறது. நிலாவில் தூளி கட்டினால் இறக்கம் ஆறில் ஒரு பங்காகும். ஆட்டத்தின் வேகம் மட்டும் மாறாது, ஆகவே அங்கே 15.8க்குப் பதிலாக வேறு எண் வேண்டும். இயற்பியலில் நான் திரும்பத் திரும்ப ரசிக்கிற சூத்திரங்களில் இது ஒன்று. ஒரு பொருள் அசையாமல் நிற்கும் நிலையைப் பார்த்தே அது எப்படி ஆடும் என்று சொல்லிவிடுகிறது.

தூளியை இன்னும் கொஞ்சம் இழுக்கலாம், ஸ்பிரிங் தாங்கும். குழந்தை வளர்ந்து தொங்கும் எடை இரட்டிப்பானால் ஆட்டம் 1.4 மடங்கு மெதுவாகும். பாட்டிக்கு யாரும் வர்க்கமூலம் சொல்லித்தருவதில்லை, கை தானாக மாறிக்கொள்ளும். அவர் ஒவ்வொரு முறையும் இழுப்பது கொஞ்சம்தான். ஆனால் தூளி இறங்கத் தொடங்கும் நேரம் பார்த்து இழுக்கிறார். ஒவ்வொரு இழுப்பும் முந்தையதோடு சேர்ந்துகொண்டே போகிறது. சேலையின் உராய்வும் காற்றும் ஓர் ஆட்டத்தில் தின்னும் ஆற்றல், அந்த ஓர் இழுப்பு கொடுக்கும் ஆற்றலுக்குச் சமமாகும் வரை ஆட்டம் பெருகும். பாட்டி கொஞ்சம் கண்ணயர்ந்ததும் அப்பா வந்து இரண்டு மடங்கு பலத்தோடு, தாளம் தெரியாமல் இழுப்பார். குழந்தை எழுந்து அழும், தூளி அப்படியே நிற்கும். அண்ணன்காரன் விளையாட்டாக நொடிக்குப் பத்து முறை கொக்கியைக் குலுக்கினால் ஸ்பிரிங்கின் மேல்முனை மட்டும் துடிக்கும், குழந்தைக்கு எதுவும் தெரியாது. கொக்கியை ஓர் அங்குலம் மிக மெதுவாக ஏற்றி இறக்கினால் தூளியும் கூடவே ஓர் அங்குலம் ஏறி இறங்கும், அவ்வளவுதான். மெதுவாக ஆட்டினால் பின்தொடரும், வேகமாக ஆட்டினால் கண்டுகொள்ளாது, தன் தாளத்தில் ஆட்டினால் மட்டும் பொங்கும். ஒத்ததிர்வு என்று பாடப்புத்தகம் சொல்வது இந்தக் குடும்ப விவகாரத்தைத்தான்.

இப்போது நம் பட்டைக்கு வருவோம். அதுவும் ஒரு ஸ்பிரிங்தான், பார்த்தால் தெரியாது. 400 கிராம் லைட் நுனியில் ஏறியதும் அது 0.4 மி.மீ. தொய்கிறது. அரை மில்லிமீட்டர்கூட இராத அந்தத் தொய்வை அதே சூத்திரத்தில் போடுங்கள்: 0.4க்கு வர்க்கமூலம் 0.63, விடை 25. லைட்டைச் சுண்டிவிட்டால் நொடிக்கு 25 முறை ஆட விரும்பும் பட்டை அது.

நொடிக்கு 25 முறை இழுக்கும் பாட்டி வண்டியில் யார்? நான்கு சிலிண்டர் டீசல் என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வெடிக்கும். நான்குக்கும் சேர்த்துச் சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. ஐடிலிங்கில் என்ஜின் நிமிடத்துக்கு 750 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால் 1,500 வெடிப்பு, நொடிக்கு 25. போதாததற்கு, வரிசையாக நிற்கும் நான்கு பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தில் ஒன்றையொன்று சமன்செய்யாமல் மிஞ்சும் விசையும் சுற்றுக்கு இரண்டு முறைதான் வருகிறது. இரண்டு வெவ்வேறு காரணங்கள், ஒரே தாளம். மினி டிரக்குகளுக்கு வேறு கணக்கு. 2005-இல் வந்த டாடா ஏஸ், நம் ஊர் குட்டியானை, இரண்டு சிலிண்டர் என்ஜினோடு வந்தது. அங்கே சுற்றுக்குச் சராசரியாக ஒரு வெடிப்புதான், அதே ஐடிலிங்கில் தாளம் பாதியாகும். ஒரு வண்டியில் நிம்மதியாக நின்ற ஸ்டாண்டு இன்னொரு வண்டியில் ஏன் உதறுகிறது என்பதற்கு இதைவிட எளிய பதில் இல்லை.

பக்கவாட்டு லைட்டுக்கு மட்டும் ஒரு கூடுதல் தண்டனை உண்டு. பிக்கப்பில் என்ஜின் நீளவாக்கில் உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு வெடிப்பின் முறுக்குக்கும் எதிர்வினையாக வண்டி இடமும் வலமும் உருளப் பார்க்கும். உருளும் பொருளில் நடுவைவிட ஓரம்தான் அதிகம் ஏறி இறங்கும். நாம் லைட்டை மாட்டியிருப்பது அந்த ஓரத்தில்.

சாலையின் குணம் வேறு. வண்டியின் உடல் ஸ்பிரிங் மேல் குதிப்பது நொடிக்கு ஒன்றிரண்டு முறை, சக்கரமும் அச்சும் துள்ளுவது பத்து முதல் பதினைந்து முறை. இரண்டும் 25க்குக் கீழே. எனவே பள்ளத்தில் பட்டை, மெதுவாக ஏற்றிய கொக்கியைப் பின்தொடர்ந்த தூளியாக, பாடியோடு சேர்ந்தே போகிறது. லைட் அசையவில்லை என்று வாசகருக்குத் தோன்றியது சரியான கவனிப்பு.

தாளம் பொருந்தினால் எவ்வளவு பெருகும்? போல்ட் போட்டு இறுக்கிய எஃகுப் பட்டையில் அதிர்வைத் தின்கிற உராய்வு குறைவு, அதனால் இருபது மடங்கு வரைகூடப் போகலாம். ஐடிலிங்கில் முன்பலகை ஈர்ப்பு முடுக்கத்தில் கால் பங்கு அளவுக்கு அதிர்வதாக வைத்துக்கொள்வோம். பட்டை அடியில் இருந்த 16 நியூட்டனில் கால் பங்கு 4, அது இருபது மடங்கானால் 80. 25 மி.மீ. பட்டையில் 9 மி.மீ. ஓட்டை போட்டதால் மிஞ்சிய அகலம் 16 மி.மீ., ஆகவே 80 என்பது 125 ஆகிறது. ஓட்டையின் விளிம்பில் தகைவு குவிவதால் அது இன்னும் ஏறத்தாழ இரட்டிப்பாகும். 250ஐத் தொட்டுவிட்டோம். பதினைந்து மடங்குக் கையிருப்பு இப்படித்தான் ஓசையில்லாமல் கரைந்தது.

அதுவும் ஒரு முறையல்ல, நொடிக்கு 25 முறை, மணிக்கு 90,000 முறை. பதினோரு மணி நேர ஐடிலிங்கில் பத்து லட்சத்தை நெருங்கிவிடும். தினம் ஒரு மணி நேரம் லோடு ஏற்றும் வண்டிக்கு அது இரண்டு வாரத்துக்குள். மாறி மாறி வளைக்கும்போது சாதாரண எஃகு காலவரையின்றித் தாங்குவது, பளபளப்பாகத் தேய்த்த ஆய்வுக்கூட மாதிரியில்கூட, அதன் இழுவலிமையில் (இழுத்து அறுக்க வேண்டிய தகைவில்) பாதி அளவுதான்: சுமார் 200. டிரில் போட்ட பிசிறோடும் துருவோடும் இருக்கும் பட்டை அதைவிட மிகக் குறைவாகத் தாங்கும். இதுதான் உலோகச் சோர்வு.

வரலாறு கேட்பவர்களுக்காக ஒரு பத்தி. 1842 மே 8 அன்று வெர்சாயிலிருந்து பாரிஸ் திரும்பிய ரயிலின் என்ஜின் அச்சு முறிந்து, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தென்துருவக் கடல்களைச் சுற்றிவந்த மாலுமி துமோன் துர்வில் குடும்பத்தோடு அதில் இறந்துபோனார். குலுங்கிக் குலுங்கி இரும்பு உள்ளுக்குள் படிகமாகிவிட்டது என்று அன்று பலர் நம்பினார்கள். ஸ்காட்லாந்தின் இளம் பொறியாளர் ராங்கின், அப்படியல்ல, அச்சின் தடிமன் திடீரென்று மாறும் மூலையில் விரிசல் பிறந்து கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகிறது என்றார். பிறகு ஜெர்மன் ரயில்வே பொறியாளர் ஆகஸ்ட் வோலர் 1850களிலும் 60களிலும் அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றி முறித்து, எத்தனை தகைவுக்கு எத்தனை சுற்று என்று அட்டவணை போட்டார். ஒன்றே முக்கால் நூற்றாண்டு ஓடிவிட்டது, “இரும்பு உள்ளுக்குள்ளே மாறிப்போச்சு” என்று சொல்கிற பட்டறைகள் இன்னும் இருக்கின்றன. வரலாறு போதும்.

வாசகர் ஒடிந்த துண்டுகளைத் தூக்கிப் போட்டிருக்கமாட்டார் என்று நம்புகிறேன். முறிந்த முகத்தை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். ஒரு பகுதி வழவழப்பாக, அடுத்தடுத்த வளைகோடுகளோடு இருக்கும், அங்கே துருவும் ஏறியிருக்கலாம். விரிசல் நாள்கணக்கில் நகர்ந்த வழி அது. மீதிப் பகுதி சொரசொரப்பாக, புதிதாக இருக்கும். கடைசி நாளில் ஒரே இழுப்பில் போனது. வளைகோடுகள் எங்கிருந்து விரிகின்றன என்று பின்னோக்கிப் பார்த்தால், அநேகமாக போல்ட் ஓட்டையின் விளிம்போ சம்மட்டியால் மடக்கிய மூலையோதான் வந்து நிற்கும்.

சரி, என்ன செய்ய? பட்டறைக்காரர் யோசனையை முதலில் எடுத்துக்கொள்வோம். 3 மி.மீ.க்குப் பதில் 5 மி.மீ. பட்டை. வளைவுக்கு எதிரான விறைப்பு தடிமனின் முப்படியைப் பொறுத்தது, ஆகவே நாலரை மடங்குக்கு மேல் விறைக்கும். தொய்வு 0.085 மி.மீ. ஆகும், அதிர்வெண் 54. ஐடிலிங்கில் உதறல் நின்றுவிடும், பட்டறைக்காரருக்கு நல்ல பெயர் கிடைக்கும். ஆனால் நொடிக்கு 54 என்பது நிமிடத்துக்கு 1,620 சுற்றில் என்ஜின் கொடுக்கும் தாளம். தோட்டத்தில் நின்ற உதறல் நெடுஞ்சாலைக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. 3 மி.மீ. பட்டையையே பாதி நீளமாக, 75 மி.மீ. ஆக வெட்டினால் இன்னும் நல்ல பலன் கிடைக்கும், நீளத்துக்கும் முப்படிக் கணக்குதான்: விறைப்பு எட்டு மடங்கு, அதிர்வெண் 71. காசே செலவில்லாத முன்னேற்றம். ஆனாலும் அது 2,100 சுற்றுக்குரிய தாளம். லோடோடு போகும் பிக்கப் நாளில் பாதி நேரம் அந்தப் பக்கத்தில்தான் சுற்றிக்கொண்டிருக்கும்.

தப்பிக்க வேண்டுமானால் என்ஜின் எட்டவே முடியாத உயரத்துக்குத் தாவ வேண்டும். பிக்கப் டீசல் என்ஜின்கள் பொதுவாக 4,000 சுற்றைத் தாண்டுவதில்லை. அதன் தாளம் நொடிக்கு 133. அதற்கு மேலே போய்விட்டால் என்ஜினின் முக்கியத் தாளம் எந்த வேகத்திலும் ஸ்டாண்டைச் சீண்டாது. இங்கேதான் வடிவம் உள்ளே வருகிறது.

25க்கு 3 பட்டையை வைத்துவிட்டு, 25க்கு 25க்கு 3 எல்-ஆங்கிள் ஒரு துண்டு எடுங்கள். எடை இரண்டு மடங்குகூட ஆகாது. ஒரு கால் நிமிர்ந்து நிற்பதால் மேல் கீழ் வளைவுக்கு விறைப்பு 140 மடங்கு. ஆங்கிளின் பலவீனமான சாய்ந்த திசையைக் கணக்கில் எடுத்தாலும் 50 மடங்குக்குக் குறையாது. உலோகம் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அந்தத் தூரத்தின் வர்க்கத்தில் அதன் பங்களிப்பு கூடும். இரும்பை அதிகம் போடவில்லை, தள்ளி வைத்தோம், அவ்வளவுதான். ஆங்கிளுக்கு ஒரு குறை உண்டு: திறந்த வடிவம் என்பதால் முறுக்கினால் எளிதில் திரும்பும், லைட் பக்கவாட்டில் ஒதுங்கி உட்கார்ந்தால் அந்த முறுக்கு வரும். அதையும் தீர்க்க 25 மி.மீ. ஸ்கொயர் பைப், 2 மி.மீ. சுவர். பட்டையைவிட இரண்டரை மடங்கு எடை, 290 மடங்கு விறைப்பு, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி, முறுக்குக்கும் அசையாது. அதே 150 மி.மீ. நீளத்தில்கூடக் காகிதக் கணக்கு நொடிக்கு 400 முறையை, அதாவது 400 ஹெர்ட்ஸை, தாண்டுகிறது. நீளத்தை 100 ஆகக் குறைத்தால் இன்னும் மேலே.

காகிதக் கணக்கு என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. தூளியின் கொக்கி மூங்கில் கழியில் மாட்டியிருந்தால் கழியும் சேர்ந்துதானே வளையும்? ஸ்டாண்டை மெல்லிய தகட்டில் போல்ட் போட்டால் தகடும் ஒரு ஸ்பிரிங். நல்லவேளையாக நம் சூத்திரம் இதையும் எளிதாக விழுங்கிவிடும்: தொய்வுகளைக் கூட்டினால் போதும். பைப்பின் தொய்வு 0.0014 மி.மீ.தான். ஆனால் அது நிற்கும் தகடு கொஞ்சம் நெளிந்து, நுனியை 0.1 மி.மீ. இறங்கவிட்டால் மொத்தம் 0.1014. விடை 50 ஹெர்ட்ஸ். நானூறு எங்கே, ஐம்பது எங்கே! எந்த பைப் என்று கடையில் அரை மணி நேரம் யோசித்துவிட்டு, எங்கே மாட்டுவது என்று அரை நிமிடம் யோசிப்பவர்களுக்கு இந்தக் கூட்டல் நல்ல மருந்து. முன்பலகையின் தூண் சட்டத்தில் பிடியுங்கள். தகட்டில்தான் மாட்ட வேண்டும் என்றால் பின்னால் கையகல 3 மி.மீ. பிளேட் கொடுத்து, போல்ட்டுகளை முடிந்தவரை தள்ளித் தள்ளிப் போடுங்கள். பைப்புக்கும் அடிப்பிளேட்டுக்கும் நடுவே கீழே ஒரு முக்கோண முட்டு வெல்டு செய்யுங்கள். சேசிஸின் மேல் கீழ் விளிம்புகளில் மட்டும் டிரில்லைக் கொண்டுபோகாதீர்கள். வண்டியின் வளைவைத் தாங்குவதே அந்த விளிம்புகள்தான், லைட் ஸ்டாண்டுக்குச் சொன்ன ஓட்டைக் கதை அங்கே பல டன் எடையோடு நடக்கும்.

இனி ‘ஏவியேஷன் கிரேடு’. விமானத்தில் பயன்படும் அலுமினியக் கலவைகள் வலிமையானவை, உண்மை. ஆனால் எந்தக் கலவையாக இருந்தாலும் அலுமினியத்தின் விறைப்பு எஃகினுடையதில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று. பெயருக்கு முன்னால் எந்த அடைமொழி போட்டாலும் அது மாறாது. வாசகரின் பட்டையை அதே அளவில் அலுமினியத்தில் செய்தால் அதிர்வெண் 25இலிருந்து 15க்கு இறங்கும். சக்கரம் துள்ளும் தாளம் ஞாபகம் இருக்கிறதா? பத்து முதல் பதினைந்து. ஐடிலிங்கில் உதறிய லைட் இனி மண்பாதையில் உதறும். எஃகுக்கு இருப்பதாகச் சொன்ன ‘இதற்குக் கீழே சோர்வே இல்லை’ என்கிற தெளிவான எல்லையும் அலுமினியத்துக்குக் கிடையாது. ‘ஹை டென்சைல்’, ‘ஸ்டெயின்லெஸ்’ என்று விலை ஏற்றுபவர்களுக்கும் இதே பதில்தான். அவை துருவையோ வளைந்துபோவதையோ தடுக்கலாம். விறைப்பு சாதாரண எஃகின் அளவுதான், தாளம் இம்மியும் மாறாது.

அடுத்த வியாபாரம் ‘ஆன்டி வைப்ரேஷன்’ ரப்பர். நொடிக்குப் பத்து முறை குலுக்கிய கொக்கியைத் தூளி கண்டுகொள்ளவில்லை அல்லவா, ரப்பர் வேலை செய்வதும் அதே வழியில்தான். ஆனால் அந்த அலட்சியம் தொடங்குவது, வரும் அதிர்வு தன் சொந்தத் தாளத்தைப் போல் 1.4 மடங்கைத் தாண்டிய பிறகு. 25 ஹெர்ட்ஸை வடிகட்ட வேண்டுமானால் ரப்பர் மேல் நிற்கும் லைட்டின் தாளம் 18க்குக் கீழே இருக்க வேண்டும், நன்றாக வடிகட்ட இன்னும் கீழே. போகிற வழியில் சக்கரத் துள்ளல் காத்திருக்கிறது. அதையும் தாண்டிக் கீழே போனால் வண்டியின் உடல் குதிக்கும் தாளம். லைட்டுக்கு அங்கே காலியிடமே இல்லை. என்ஜினுக்கு அடியில் ரப்பர் சரியாக வேலை செய்கிறது என்றால், அந்த என்ஜினின் எடைக்கும் தாளத்துக்கும் கணக்குப் போட்டு வார்த்த ரப்பர் அது. பாக்கெட்டில் நாலு வாஷராக வருவதற்கு அந்தப் படிப்பு கிடையாது.

வீட்டிலேயே சோதிக்க வழி உண்டு. 0.4 மி.மீ. தொய்வை ஸ்கேலில் அளக்க முடியாது, ஆனால் எடையைப் பெருக்கலாம். லைட்டைக் கழற்றிவிட்டு நுனியில் இரண்டரைக் கிலோ தொங்கவிடுங்கள். அது 400 கிராமைப் போல் ஆறேகால் மடங்கு, ஆகவே வாசகரின் பழைய பட்டை இரண்டரை மி.மீ. இறங்கும், கண்ணாலேயே படிக்கலாம். அளந்ததை ஆறேகாலால் வகுத்துச் சூத்திரத்தில் போடுங்கள். எடையை ஏற்றும்போது தகடு நெளிகிறதா என்றும் பின்னால் கை வைத்துப் பாருங்கள். தொய்வே தெரியவில்லை என்றால் நல்ல செய்தி. இன்னொரு வழி கைபேசியில் இருக்கிறது. நொடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோ மோஷனில், லைட்டைச் சுண்டிவிட்டுப் படம்பிடித்து, ஓர் ஆட்டத்துக்கு எத்தனை படம் என்று எண்ணினால் போதும். பத்துப் படத்துக்கு ஓர் ஆட்டம் என்றால் 24 ஹெர்ட்ஸ், ஆபத்து. ஆட்டமே பிடிபடவில்லை என்றால் வேலை முடிந்தது.

மீதியைச் சுருக்கமாக. ஸ்பிரிங் வாஷரை நம்பி நிம்மதியாக இருக்காதீர்கள். போல்ட்டைக் கழற்றுவது குறுக்குவாட்டு வழுக்கல்தான் என்று 1969-இலேயே ஜெர்மனியின் ஜுங்கர் ஆய்வு செய்து காட்டிவிட்டார், வாஷர் அதைத் தடுக்காது. முழு இறுக்கமும் நைலாக் நட்டும் போடுங்கள். வயரை ஸ்டாண்டோடு விறைப்பாகக் கட்டாமல் சிறு வளைவு விட்டுக் கட்டுங்கள், இல்லாவிட்டால் பட்டைக்கு வந்த நோய் செம்புக் கம்பிக்கு வரும். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலும், ரிலே நடுவிலும் இருக்கட்டும். பெட்டியில் ‘27 வாட், 20,000 லூமென்’ என்று போட்டிருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். இன்றைய வெள்ளை எல்.இ.டி. விளக்குகள் வாட்டுக்கு நூறு, நூற்றைம்பது லூமென் தந்தாலே நல்ல சரக்கு. நாலாயிரத்துக்கு மேல் அந்தப் பெட்டியிலிருந்து வராது, மூட்டை ஏற்ற அதுவே தாராளம். சட்டமும் இருக்கிறது. 1989-இன் மத்திய மோட்டார் வாகன விதிகள், பதிவு அதிகாரியின் முன் அனுமதியில்லாமல் வண்டியின் முன்பக்கம் ஸ்பாட் லைட்டோ சர்ச் லைட்டோ வைக்க விடுவதில்லை. பக்கவாட்டு வேலை விளக்கும் நிறுத்திய வண்டிக்குத்தான். எதிரே வருபவர் கண்ணில் அடித்தால் எந்த ஸ்டாண்டும் காப்பாற்றாது. லைட் லோடு பாடியின் அகலத்தைத் தாண்டி வெளியே நீட்டவும் வேண்டாம். கேபினுக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் மூலையே அதற்குப் பாதுகாப்பான இடம். குட்டையான ஸ்டாண்டு போட அது நல்ல சாக்கும்கூட.

ஆக, வாசகருக்கு என் பதில் ஒரு வரிசை. முதலில் இடம்: நெளியாத சட்டத்தில் பிடியுங்கள். அடுத்தது நீளம்: எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு. மூன்றாவது வடிவம்: பட்டை வேண்டாம், பைப். நான்காவது தடிமன். உலோகத்தின் பெயர் கடைசி. கடைக்காரரின் விளம்பர அட்டை இதே வரிசையைத் தலைகீழாகப் படிக்கும், ஏனென்றால் முதல் இரண்டையும் யாராலும் பெட்டியில் போட்டு விற்க முடியாது. பட்டறையில் பைப்பின் மிச்சத் துண்டு ஒன்று கிடக்கும். கேட்டு வாங்கி, நூறு மி.மீ. வெட்டச் சொல்லுங்கள்.